அம்மா கொடுத்த நாலணாக்கள்

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூருக்கு வேலைக்கு வந்தது 2008-இல். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்க எங்கள் ஊர்ப் பக்கம் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆங்கில எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். கலர் கலரான வயர்களைக் கொடுத்துப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் இன்டர்வியூ. மறுவாரம் கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று அம்மா என் கையில் ஒரு சுருக்குப்பையை வைத்தாள். பழைய ஜாக்கெட் துணியில் அவளே தைத்தது. உள்ளே முழுக்க நாலணாக் காசுகள்.

அம்மா பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து விற்பவள். மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், கொடுக்காப்புளி, அவித்த கடலை. அப்பா நான் ஏழாவது படிக்கும்போது இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தக் கூடைதான் எங்கள் வருமானம். பிள்ளைகள் கொண்டுவருவதே நாலணாவும் எட்டணாவும்தான். எங்கள் ஊரில் அன்றைக்கு நாலணா செல்லும். கடையில் வாங்குவார்கள், மினி பஸ்ஸில் வாங்குவார்கள். அம்மா நாலணாவை மட்டும் தனியாக ஒரு டின்னில் போட்டுச் சேர்த்து, எனக்கென்று வைத்திருந்தாள்.

"வழியில டீ கீ குடிக்க ஆகும் தாயி. நோட்டை மாத்தாத, இதைச் செலவழி" என்றாள்.

மண்ணூரில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பெண்கள் தங்கினோம். எல்லோரும் தெற்கேயிருந்து வந்தவர்கள். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா குடியிருந்தார். முதல் வாரம் சோப்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். அம்மா கொடுத்த பையைத் திறந்து எண்ணி வைத்தேன். கடைக்காரர் காசுகளைத் தொடவே இல்லை. ஒரு விரலால் மேஜையில் அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இத்த எவம்மா வாங்குவான்? இங்கெல்லாம் நாலணா ஓடி ரொம்ப வருஷம் ஆச்சு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காசுகளைப் பொறுக்கிக்கொண்டு சோப்பு வாங்காமலேயே வந்துவிட்டேன். அடுத்த நாள் பஸ்ஸிலும் அப்படித்தான். கண்டக்டர் நாலணாக்களைப் பார்த்துவிட்டு, "வேற இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "காசு பத்துச்சா?" என்பதுதான்.

"பத்துச்சும்மா."

அந்தப் பதிலைக் கேட்டு அவள் முகம் மாறிய விதத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு வேலையைச் சரியாக முடித்துவிட்டவளின் முகம் அது. சம்பளம் வாங்குகிற மகளுக்குத் தன்னால் இன்னமும் ஏதோ கொடுக்க முடிகிறது என்ற நினைப்பு அவளுக்கு. திரும்பி வரும்போது முன்னைவிடப் பெரிய பை கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

அப்படியே மூன்று வருஷம் நடந்தது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் ஒரு பை. பஸ் ஏறும்போது அது மடியில் கனக்கும். மண்ணூருக்கு வந்ததும் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு டின்னில் கொட்டிவிடுவேன். ஒரு டின் நிறைந்தது. இரண்டாவது டின் வாங்கினேன்.

கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே சர்க்யூட் போர்டை வைத்து, சால்டரிங் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. பக்கத்தில் இருப்பவளோடு பேசக்கூடாது. அந்த வேலை செய்து செய்து, சின்னப் பொருள் எது கையில் கிடைத்தாலும் அதை உற்றுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்ற மூவரும் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல். படுத்துக்கொண்டே டின்னைத் திறந்து ஒரு காசை எடுத்துப் பார்த்தேன். காண்டாமிருகம் போட்ட நாலணா. வருஷத்துக்குக் கீழே துளியூண்டு ஒரு நட்சத்திரம் இருந்தது. இன்னொன்றில் ஒரு புள்ளி. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. மறுநாள் லைன் லீடரிடம் கேட்டேன். நட்சத்திரம் போட்டால் ஐதராபாத்தில் அடித்தது, புள்ளி போட்டால் நொய்டா, வைரம் மாதிரி இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா என்று சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் எனக்கு வேலை. தரையில் பழைய புடவையை விரித்து வருஷ வாரியாகப் பிரிப்பேன். பிறகு குறி வாரியாக. எந்த வருஷத்தில் எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அம்மாவின் காசில் கிடைக்காததைத் தேட ஆரம்பித்தேன். கடைகளில் மூலையில் கிடக்கும் டப்பாக்களைக் கேட்டுப் பார்த்தேன். லைனில் இருந்த பெண்கள் ஊருக்குப் போனால் எனக்காகப் பத்துக் காசு, அறுகோணமாக இருக்கும் இருபது காசு, சதுரமான அஞ்சு காசு என்று கொண்டுவந்தார்கள். தாமரை போட்ட பித்தளை இருபது காசு ஒன்றை ஒருத்தி கொடுத்தாள். அதைப் பஞ்சில் சுற்றித் தனியாக வைத்திருந்தேன்.

தெருவில் எனக்குக் "காசுக்காரப் பொண்ணு" என்று பெயர் வந்துவிட்டது. நான் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் என்னை யாராவது ஏதோ ஒரு பெயரால் கூப்பிட்டார்களே என்று கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

2011-இல் அரசாங்கமே அறிவித்துவிட்டது. ஜூன் மாதக் கடைசியோடு நாலணாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது, வேண்டுமானால் அதற்குள் பாங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பாங்குக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். கூட்டமாக இருந்தது. என் முறை வருவதற்குள் திரும்பிவிட்டேன். கூட்டத்தைக் காரணமாகச் சொன்னால் அது பொய். கொடுக்க மனம் வரவில்லை. அந்த டின்களை எடுத்துவிட்டால் அந்த அறையில் என்னுடையது என்று என்ன இருக்கும் என்று தோன்றியது.

ஜூலை கடைசியில் ஆடித் திருவிழா. எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு அம்மன் கோயில். அந்த வருஷம் ஊரில் இருந்த செல்லாத காசெல்லாம் அம்மன் உண்டியலுக்குத்தான் போனது. சாமி உண்டியலில் போட்டால் குப்பையில் போட்ட பாவம் இல்லையே. திருவிழா முடிந்த மூன்றாம் நாள் காலை, உண்டியல் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நாங்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தெருவெல்லாம் அதே பேச்சு.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் எங்கள் அறையில் தண்ணீர்க் குழாய் கசிகிறது என்று பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்தார். சுவரோரம் இருந்த என் டிரங்குப் பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. அவரால் நகர்த்த முடியவில்லை. எனக்கு அன்றைக்கு வீக்லி ஆஃப். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டியின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா வச்சிகினு கீற உள்ள? இரும்பா?"

திறந்து காட்டினேன். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. இரண்டு டின்களும், கடைசியாக மே மாதம் அம்மா கொடுத்த சுருக்குப்பையும் இருந்தன. அவர் பையை அவிழ்த்து ஒரு கை காசை அள்ளினார். காசுகளில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் அங்கங்கே ஒட்டியிருந்தது. அவர் காசுகளைப் பையிலேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அரை மணி நேரத்தில் கோயில் ஆட்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், அறுபது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மா, இது எங்கேந்து வந்துச்சு?"

"எங்கம்மா குடுத்தது."

"இவ்ளோவுமா?"

"மூணு வருஷமா குடுத்தது. கொஞ்சம் நான் கேட்டு வாங்கினது."

அவர் ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள் குங்குமம் ஒட்டிகினு கீதே, பாரு."

அது என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பார்த்தது. ஆனால் அத்தனை பேர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அம்மா குடுத்தாங்கன்னா ஏன் செலவு பண்ணாம வச்சிருந்த?"

"இங்க யாரும் வாங்க மாட்டாங்க."

"அப்ப ஏன் ஒவ்வொரு வாட்டியும் வாங்கிகினு வந்த?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதை அந்த ஆட்களிடம் எப்படிச் சொல்வது? என் அம்மா முகம் வாடிவிடும் என்பதற்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என் பக்கத்துப் பாயில் படுப்பவள் தென்காசிக்காரி. மூன்று வருஷமாக ஒரே லைன், ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காசு பிரிக்கும்போது எத்தனையோ தடவை கூட உட்கார்ந்திருக்கிறாள். அன்று அவளுக்கும் ஆஃப். அவளிடம் கேட்டார்கள். அவள் என்னைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. அது அவ பெட்டி" என்றாள். அவள் பயந்துவிட்டாள் என்று இப்போது புரிகிறது. அவளுக்கும் வீட்டில் இரண்டு தங்கைகள். போலீஸ், ஸ்டேஷன் என்று போனால் கம்பெனியில் நிற்கவிட மாட்டார்கள். ஆனால் அன்று அவள் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட என் நெஞ்சில் குத்தியது.

பெரியவர் போலீசுக்குப் போகவில்லை. "ஒங்கம்மாவை வரச் சொல்லு. அவங்க வாயால சொல்லட்டும்" என்றார். டின்களும் பையும் கீழே ஓனர் அம்மா வீட்டில் வைக்கப்பட்டன.

அம்மாவிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் போனுக்கு அடித்துச் சொன்னேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் வரணும் என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அம்மா மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாள். அதுவரை அவள் மதுரையைத் தாண்டியதில்லை. பெருங்களத்தூரில் இறங்கி, யார் யாரிடமோ வழி கேட்டு, பஸ் மாறி வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடக்கும்போதே நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, குறுக்கே கேட்கவும் இல்லை.

ஓனர் அம்மா வீட்டு வாசலில் நேற்று வந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பையை எடுத்தாள்.

"இது நான் தைச்ச பை" என்றாள். "என் ஜாக்கெட்டுத் துணி."

"பை உங்களுதா இருக்கலாம்மா. காசுல மஞ்சள் குங்குமம் கீது இல்ல?"

அம்மா ஒரு காசை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அதைப் பெரியவர் கையில் வைத்தாள்.

"மோந்து பாருங்கய்யா. மிளகாப்பொடியும் மஞ்சப்பொடியும். மாங்காய்க்குத் தடவுற கையாலதான் நான் காசு வாங்கிப் போடுவேன். முப்பது வருசமா பள்ளிக்கூட வாசல்ல இதுதான் செய்யுதேன்."

அவர் மோந்து பார்த்தார். ஓனர் அம்மா வாங்கி மோந்து பார்த்தார். மே மாதத்திலிருந்து கட்டியே வைத்திருந்த பை, நெடி போகவில்லை. ஓனர் அம்மா தும்மவில்லை, ஆனால் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மொளகாதான்" என்றார் மெதுவாக.

அதோடு முடிந்துவிட்டது. பெரியவர், "தப்பா நெனச்சிக்காதம்மா, கோயில் விசயம், கேக்க வேண்டியிருந்துச்சு" என்றார். ஓனர் அம்மா உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அம்மா மரியாதைக்கு ஒரு வாய் குடித்தாள். எல்லோரும் கலைந்துபோகிற நேரத்தில் ஓனர் அம்மா நல்லவிதமாகத்தான் அதைச் சொன்னார்.

"பாவம், இத்தனையும் சேத்து அனுப்பியிருக்கீங்க. இந்த ஊர்ல இத்த ஒருத்தன்கூட வாங்க மாட்டானேம்மா. உங்க பொண்ணு வந்த நாள்லேந்து அப்டியேதான் வச்சிகினு கீது."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் டின்களைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே கிளம்புகிறேன் என்றாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். கூடை போட ஆள் இல்லை என்றாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் கேட்டாள்.

"ஒண்ணுகூடவா வாங்கல?"

"இல்லம்மா."

"மொத தடவையே தெரியுமா?"

"தெரியும்."

"அங்க செல்லுமே தாயி" என்றாள். "நம்ம ஊர்ல செல்லுமே."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் சொன்னதில் இருந்த கணக்கு எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. ஊரில் செல்லக்கூடிய காசை நான் இங்கே சுமந்துகொண்டு வந்து செல்லாக் காசாக்கிவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லித்தான் தெரியும், அந்த மூன்று வருஷமும் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு மினி பஸ்ஸில் ஏறவில்லையாம். வெயிலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாளாம். கேட்டால், "பிள்ளைக்குச் சில்லறை சேக்கணும்" என்பாளாம்.

பையையும் டின்களையும் கொண்டுபோகிறாயா என்று கேட்டேன். "என்னத்துக்கு" என்றாள். பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கையசைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

உண்டியலை உடைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்குத்தான் அந்தத் தெருவில் இருக்க முடியாமல் போய்விட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. தென்காசிக்காரி இரண்டு தடவை பேச வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் குன்றத்தூரில் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். பையில் இருந்ததையும் டின்னில் கொட்டி, டின்களைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஆனால் அங்கே ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நோட்டில் எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

அம்மா மாறிப்போனாள். கோபம் என்று சொல்ல முடியாது. ஊருக்குப் போனால் சோறு போடுவாள், தலையில் எண்ணெய் வைப்பாள். ஆனால் திரும்பும்போது என் கையில் எதையும் வைப்பதில்லை. ஒரு தடவை நானே கேட்டேன், கொஞ்சம் ஊறுகாய் கொடு என்று. "அங்க கிடைக்காதா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். "அப்ப வேண்டாம், கனம்" என்றாள். அங்கே எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று தனக்குத் தெரியாது என்ற முடிவுக்கு அவள் வந்துவிட்டாள். அதை மாற்ற என்னால் முடியவில்லை. முயற்சி செய்தேன். பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தேன், போன் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

2014 முடிகிற சமயத்தில் எங்கள் லைனில் ஆட்களைக் குறைத்தார்கள். எனக்கும் கணக்கு முடித்துவிட்டார்கள். ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு ஹாஸ்டலுக்கு மாற வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் இடமில்லை என்றார்கள். குன்றத்தூர் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை. இரண்டு டின்களையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார். நாலணாக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. அலுமினியக் காசுகளைத் தனியாகப் பிரித்து எடை போட்டார். பித்தளை இருபது காசையும் பஞ்சோடு சேர்த்தே கொடுத்துவிட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வருஷம் ஆனியில் அம்மா போன் செய்தாள். பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவர் கட்டி கேட் போட்டுவிட்டார்களாம். வாசலில் யாரும் விற்கக் கூடாதாம். மூட்டு வலியும் இருப்பதால் கூடையை விட்டுவிட்டேன் என்றாள். பிறகு கேட்டாள்.

"அந்த நாலணாவெல்லாம் வச்சிருக்கியா தாயி?"

"ஏம்மா?"

"சும்மாதான். இங்க ஒண்ணுகூட இல்ல. நாலஞ்சு கெடந்தா வரும்போது கொண்டா. பாக்கணும்போல இருக்கு."

நான் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்குப் பெண்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்காவது தேடி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"எடைக்குப் போட்டுட்டேம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி, நல்லது" என்றாள் அம்மா. "இடத்தை அடச்சுக்கிட்டுக் கெடந்திருக்கும்."

பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிடட்டுமா என்றாள். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது. அவளுக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று இன்னும் சரியாகப் பழகவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. நான் இறங்கிப் போனேன்.